செங்கல் சுவர் வைத்த சாப்பாட்டுப் பெட்டி

மெல்பேர்னில் நாங்கள் வாடகைக்கு இருந்த முதல் வீட்டில் ஒரே ஒரு மேசை இருந்தது. அதில் யாரும் சாப்பிட்டதில்லை. எழுபதுகளின் நடுவில் வந்து இறங்கிய கையோடு என் கணவர், பொம்மை அளவில் ரயில் செய்து ஓட்டும் மாதிரி ரயில் சங்கம் ஒன்றில் சேர்ந்தார். மேசை முழுக்கத் தண்டவாளம் வளைந்து ஓடியது. நாங்கள் இருவரும் கட்டில் விளிம்பில் இருந்து, சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிட்டோம்.

ஓடியதும் சாதாரண ரயில் அல்ல. பயணிகள் இருந்து சாப்பிடவென்று பிரிட்டிஷ்காரர்கள் எப்போதோ கட்டிய விசித்திரமான சாப்பாட்டுப் பெட்டிகளாகத் தேடித் தேடிச் செய்தார். இந்த மனிதர் கொழும்பில் வேலை பார்த்த காலமெல்லாம் யாழ்ப்பாண ரயிலில் புட்டுப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனவர். அந்த ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியை எட்டியும் பார்த்ததில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அவர் கையில் எடுத்ததுதான் உச்சம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு இங்கிலாந்தில் ஒரு மகா மூளை, ரயில் பெட்டியைக் கிராமத்து மதுக்கடை போல ஆக்கியதாம். வெளியே தகட்டில் செங்கல் சுவர் மாதிரிப் பெயின்ற். உள்ளே மர உத்தரம். ஜன்னல் என்ற பெயரில் கூரையை ஒட்டிச் சின்னத் துவாரங்கள். வெளியே எதுவும் தெரியவில்லை என்று சனம் சத்தம் போட, பிறகு ஜன்னல் வெட்டினார்களாம். ரயிலில் ஏறியவன் வெளியே பார்ப்பான் என்பதுகூடத் தெரியாத மூளைகள்தான் நம்மை அவ்வளவு காலம் ஆண்டன. என் கணவர் பூதக்கண்ணாடி பிடித்து ஒவ்வொரு செங்கல்லாகத் தீட்டினார். உள்ளே வைத்த தட்டுகள் உளுத்தம்பருப்பில் பாதிகூட இல்லை.

எங்கள் பக்கத்தில் அப்போது தமிழர்கள் அரிது. கொழும்பிலிருந்து புதிதாக வந்த தம்பதி ஒன்றைச் சந்தையில் கண்டு, சனிக்கிழமை சாப்பிட வரச் சொன்னேன். இந்த நாட்டில் என் வீட்டுக்கு வரும் முதல் விருந்தாளிகள். மேசையை ஒழித்துத் தரச் சொல்லி இவரிடம் கெஞ்சினேன்.

“பெயின்ற் இன்னும் காயேல்லை. அவை எங்கடை ஆக்கள்தானே, மடியிலை வைச்சுச் சாப்பிடுவினம்.”

சங்கத்து வெள்ளைக்காரர் வந்தால் மட்டும் கதிரை போட்டு, அதே மேசையைச் சுற்றி இருத்துவார்.

விருந்தாளிகளையும் கட்டில் விளிம்பில்தான் இருத்தினேன். நண்டுக் குழம்பை மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் பட்ட பாட்டைப் பார்க்க முடியவில்லை. இவரோ மேசையருகே நின்று பிரசங்கம் செய்தார்.

“உள்ளுக்கை பாருங்கோ, வசதியான மேசையள். ஆறுதலா இருந்து சாப்பிடலாம்.”

வந்த பெண் சரியும் கோப்பையைப் பிடித்தபடி சொன்னாள்: “உதுக்குள்ளை இருந்து சாப்பிட்டதுகள் குடுத்து வைச்ச சனம், என்ன அண்ணை?”

“ஓம், ஓம்” என்றார் இவர், பூரித்துப்போய்.

எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. கண்ணீரும் கோபமும் சேர்ந்து வந்தன. நண்டுக் கையோடே எழும்பிப் போய், மேசையை ஒழிக்கப் பெட்டியைத் தூக்கினேன். அவர் கத்திக்கொண்டு வந்து பறித்தார். ஈரச் செங்கல் சுவரின் நடுவில் என் பெருவிரல் அடையாளம், குழம்பு எண்ணெயோடு பதிந்திருந்தது. விருந்தாளிகள் “போட்டு வாறம்” என்று அவசரமாகக் கிளம்பினார்கள். பாயசத்தை யாரும் தொடவில்லை.

மறுநாள் சங்கத்தின் கண்காட்சி. திரும்பத் தீட்ட நேரமில்லை. முகத்தைத் தூக்கிக்கொண்டு பெட்டியோடு போனவர், பின்னேரம் முதல் பரிசோடு வந்தார். அந்தக் கறை படிந்த இடத்தைத்தான் எல்லாரும் லென்ஸ் வைத்துப் பார்த்தார்களாம். மழையும் புகையும் தின்ற பழைய ஆங்கிலேயச் சுவர் அப்படியே இருக்கிறது, எப்படிச் செய்தாய் என்று சங்கத் தலைவரே கேட்டாராம். தன் சொந்த முறை என்று இவர் சொல்லிவிட்டார்.

பெட்டியை மேசையில் வைத்து, கறை படாத மற்றப் பக்கத்தை என்னிடம் திருப்பினார்.

“இஞ்சரும், இதிலையும் ஒருக்கா விரலை வையுமன். நண்டுக் குழம்பு மிச்சம் கிடக்கே?”

“கிடக்கு. முதல் மேசையை ஒழிச்சுத் தாங்கோ. நேற்று வந்தவையைத் திருப்பிக் கூப்பிட்டு, இதிலை இருத்திச் சாப்பாடு போடவேணும். பிறகு விரலை வைக்கிறன்.”

கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்தார், கொஞ்ச நேரம் என் விரலைப் பார்த்தார். பிறகு குனிந்து தண்டவாளத்தைக் கழற்றத் தொடங்கினார்.