ஞானபூரணம் பிடுங்கிய எள்

ஞானபூரணத்துக்குக் கை சும்மா இருக்காது. சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்தில் களையெடுக்க அவளைக் கூப்பிடாத காடு இல்லை. அவள் போய்வந்த காட்டில் ஒரு புல்லைக் கண்டுபிடித்துக் காட்டியவனும் இல்லை. பஸ்ஸில் ஏறினால் முன்சீட்டுக்காரியின் தலையில் வாடிக்கிடக்கும் பூவை எடுத்து வெளியே வீசுவாள். பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரியின் மிளகாயை ஒதுக்கிவிட்டுத்தான் தன் சோற்றைத் தொடுவாள். இப்படிப்பட்டவளுடைய புருஷன், “காட்டுல நோயை வளக்கப் போறேன்” என்று வந்து நின்றால் எப்படி இருக்கும்?

1951இல் நடந்த கூத்து இது. அதற்கு முன்பே இரண்டு மூன்று வருஷமாக எள்ளுக்கு ஒரு கேடு வந்திருந்தது. செடி ஜோராக வளரும். பூக்கிற சமயத்தில் பூவுக்குப் பதிலாகப் பச்சை இலை கொத்துக் கொத்தாகக் கிளம்பும். அப்புறம் காயாவது கீயாவது! ஊரில் அதற்குக் கிறுக்குச் செடி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். முந்தின பருவத்தில் அவள் புருஷன் தங்கப்பழத்தின் காட்டில் பாதிக்கு மேல் கிறுக்குச் செடிதான். ஆனால் அதற்கு நடுவே ஒரே ஒரு செடி, அடியிலிருந்து நுனிவரை காய் பிடித்து நின்றது. மனுஷன் அதைப் பார்த்துவிட்டு வேட்டி அவிழ்வதுகூடத் தெரியாமல் வீடுவரை ஓடிவந்தான்.

“ஏட்டி பூரணம், அம்புட்டுக்கும் கிறுக்குப் பிடிச்சிருக்கு. ஒருத்தி மட்டும் தெளிவா நிக்கா!”

“யாரு அவ?” என்று அகப்பையோடு வெளியே வந்தாள் ஞானபூரணம்.

அந்தச் செடியின் எள்ளைத் தனியாகத் துணியில் முடிந்துகொண்டு, விவசாய இலாகா ஆபீசர் ஆவுடையப்பனிடம் போனான் தங்கப்பழம். அவர் விதையை உள்ளங்கையில் போட்டுப் பார்த்தார்.

“வே தங்கப்பழம், இது தற்செயலாத் தப்பிச்சதா, இல்ல இந்தச் சாதியையே நோய் அண்டாதான்னு முதல்ல தெரியணும். இதை அஞ்சு வரிசை விதையும். ஊடே ஊடே பழைய எள்ளை விதையும். நோய் விழுந்தா ஒரு செடியையும் தொடக் கூடாது. சுத்தி நோய் நின்னாத்தான் இதோட பலம் தெரியும். காய் முத்துற சமயம் நான் வந்து எண்ணிப் பாக்கேன். சரியா இருந்தா இந்த விதையை இலாகா எடுத்துக்கிடும். ஊருக்கெல்லாம் போவும்.”

ஊருக்கெல்லாம்! அந்த வார்த்தையில் தங்கப்பழத்துக்குத் தலைகால் புரியவில்லை. இலாகா எடுத்துக்கொள்ளும் முன்பே, கரிவலம்வந்தநல்லூர் வரைக்கும் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் விதை தருவதாகச் சொல்லிவிட்டான்.

ஐந்து வரிசையும் முளைத்தன. பூக்கும் பருவத்தில் சொல்லிவைத்தாற்போல் நோயும் வந்தது. தங்கப்பழம் வரப்பில் நின்று, “வா மகராசா, இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வா” என்று அதைக் கும்பிட்டான். பாதையில் போன பெண்கள், “இது ஞானபூரணம் காடாக்கும்? அம்மாடி!” என்று வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவளுக்கு மானம் போயிற்று. கை வேறு துறுதுறு என்றது. கையைக் கட்டிக்கொண்டு, அக்குளில் இறுக்கிக்கொண்டு, அந்தப் பக்கமே திரும்பாமல் ஒரு மாதத்தை ஓட்டினாள்.

நாளைக்கு ஆபீசர் வருகிறார். அவர் உட்கார நாற்காலி இரவல் வாங்க டவுனுக்குப் போய்விட்டான் தங்கப்பழம். வண்டிப்பாதையைப் பெருக்கலாம் என்று விளக்குமாற்றோடு காட்டுக்கு வந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். பெரிய மனுஷர் வருகிற இடம் இப்படியா கிடக்கும்? அவருக்கு வேண்டியது நல்ல செடிதானே, அதுதான் நிற்கிறதே! ஓரத்தில் ஒரு கிறுக்குச் செடியைப் பிடுங்கினாள். ஒன்றே ஒன்றுதான். அதைப் பிடுங்கிவிட்டுப் பக்கத்தில் நிற்பதை விட்டால் என்ன நியாயம்? அதையும் பிடுங்கினாள். அவ்வளவுதான், பிறகு அவளை யார் பிடிக்க முடியும்! சேலையை வரிந்து கட்டி, வாயில் குலவையோடு, குனிந்தவள் நிமிரவில்லை. மத்தியானத்துக்குள் நாலு தலைச்சுமை. அத்தனையையும் ஓடையில் கொண்டு கொட்டிவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். என்ன சுத்தம், என்ன அழகு! ஒரு மாதத்துப் பாரம் இறங்கி, ஆடலாம்போல் இருந்தது அவளுக்கு.

நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த தங்கப்பழம் காட்டைப் பார்த்தான். நாற்காலியை இறக்கினான். அதில் தானே உட்கார்ந்துவிட்டான்.

“எண்ண வாரவருக்கு நான் எதைட்டி காட்டுவேன்?” என்றான், அவ்வளவு மெதுவாக.

ஏசியிருந்தால் அவளும் ஏசியிருப்பாள். அவன் குரலைக் கேட்டதும்தான் தான் செய்தது அவளுக்கு உறைத்தது.

மறுநாள் ஆவுடையப்பன் வந்தார். வரப்பில் ஏறியவர் அப்படியே நின்றார். “என்னவே இது? நோயை எங்க?”

“அவுக மேல தப்பில்ல அய்யா, நாந்தான் பிடுங்கினேன். நேத்து வரைக்கும் அம்புட்டும் நின்னுச்சு” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள் ஞானபூரணம்.

“சரி போவட்டும்மா. அங்கொண்ணு இங்கொண்ணு விட்டிருப்பேல்லா? அதையாவது காட்டு.”

அழுகை நின்றுவிட்டது. “விட்டிருப்பனா? நான் கை வச்ச காட்டுலயா? யாரைப் பார்த்து என்ன கேக்கீய அய்யா!”

அவர் காட்டுக்குள் இறங்கினார். பழைய எள் வரிசைகளில், பிடுங்கிய இடமெல்லாம் கரிசல் குழிகுழியாகக் கிடந்தது. தங்கப்பழத்தின் வரிசைக்கு வந்தார். குனிந்தார். அடுத்த வரிசைக்குப் போனார். ஐந்தாவது வரிசையில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

“ஏம்மா, இந்த அஞ்சு வரிசையில எத்தனை பிடுங்கினே?”

“இதுலயா? மூணு தடவை நுழைஞ்சு நுழைஞ்சு தேடினேன், பிடுங்க ஒண்ணுகூட ஆம்பிடலயே!” என்றாள் அவள், குறைபட்டுக்கொள்கிற குரலில்.

ஆவுடையப்பன் அவளை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னாள். அவர் சிரிக்க ஆரம்பித்தார். தங்கப்பழத்துக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் அவன் போட்ட கூச்சலில் ஓடையிலிருந்த கொக்கெல்லாம் எழும்பிவிட்டது.

மூவருமாகக் குழிகளை எண்ணினார்கள். பழைய எள்ளில் நானூற்றுப் பன்னிரண்டு. அந்த ஐந்து வரிசையில் ஒன்றுமில்லை.

“ஒரு வருசம் பத்தாது, அடுத்த பருவமும் இப்படியே விதைக்கணும்” என்றபடி ஆவுடையப்பன் நோட்டைத் திறந்தார். “பிடுங்கிக் கணக்குக் காட்டினது யாருன்னு எழுதணும். பேரு பூரணம்தானே?”

முப்பது வருஷமாக ஊரான் காட்டிலெல்லாம் குனிந்தவள் அவள். அவள் பெயரை ஒருவரும் எந்த நோட்டிலும் எழுதியதில்லை.

“ஞானபூரணம், அய்யா” என்றாள். “முழுசாப் போடுங்க.”