டியூப் கட்டிய போன்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவர் கோதண்டம். கிளீனராக ஏறி, ஸ்டியரிங் பிடித்து, இன்றைக்கு நாற்பதடி டிரெய்லர் ஒன்றுக்குச் சொந்தக்காரர். எவன் சிபாரிசும் கிடையாது. செல்போனைக்கூட யாரிடமும் கேட்டுப் பழகவில்லை; தானே நோண்டித் தெரிந்துகொண்டார். லாரி ஸ்டாண்டில் யாருக்கு வாட்ஸ்அப் நின்றாலும் அவரிடம்தான் வருவார்கள். "குடு, நா கீறேன்ல?" என்று வாங்குவார். அப்பேர்ப்பட்ட ஆளைத்தான் அன்றைக்கு அவருடைய போனே சிறை வைத்தது.

மணலி புதுநகரைத் தாண்டி, கன்டெய்னர் யார்டுக்குப் போகும் சாலை. முன்னால் டிரெய்லர், பின்னால் டிரெய்லர். திருப்பவும் முடியாது, விட்டுவிட்டு இறங்கவும் முடியாது. காலை ஆறுக்கு நின்றவருக்கு மணி மூன்றரை ஆகிவிட்டது. நான்குக்குள் போனில் இருக்கும் நுழைவுச் சீட்டைக் கேட்டில் காட்டாவிட்டால் வரிசையின் வாலுக்குப் போகவேண்டும். சாயங்காலம் ஆறுக்குத் திருவொற்றியூரில் மகள் கீர்த்திக்கு நிச்சயதார்த்தம். தட்டு மாற்ற அப்பன் வேண்டும்.

"இன்னிக்குமா வண்டி எடுக்கணும்?" என்று மனைவி கன்னியம்மா விடியலிலேயே கேட்டாள்.

"மத்தியானத்துக்குள்ள வந்துருவேன். நா கீறேன்ல?"

போன் ஸ்டாண்டு உடைந்துபோனதால், டேஷ்போர்டுக் கம்பியோடு போனைச் சேர்த்து சைக்கிள் டியூப் துண்டால் இறுகக் கட்டியிருந்தார். பள்ளத்தில் குதித்தாலும் அசையாது என்று அதிலும் ஒரு பெருமை. மூன்றரைக்கு டியூப்பை இன்னொரு சுற்று இறுக்கினார்; அந்தப் போன் திடீரென்று பெண் குரலில் பேச ஆரம்பித்தது. தொட்டால் தொட்டதன் பேரைச் சொல்லும், திறக்காது. தள்ளினால் நகராது. டியூப்பை அவிழ்த்து, அணைத்துப் போட்டுப் பார்த்தார். இப்போது பூட்டு எண்ணும் போகவில்லை. நான்கை அமுக்கினால் "நான்கு" என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றது.

அந்தக் குரல் வெளியே கேட்டால் மானம் போகும். இரண்டு பக்கக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டார். கேபின் அடுப்பாகக் கொதித்தது.

பின்வண்டி டிரைவர் ஸ்டானிஸ்லாஸ் வந்து கதவைத் தட்டினான். "இன்னா நைனா, உள்ள யாராண்ட பேசிக்கினு கீற? அண்ணி கொரலு மாரி இல்லியே!"

"ரேடியோடா."

"ரேடியோ இன்னாத்துக்கு நாலு, நாலுனு கத்துது?"

"கணக்குப் பாடம். நீ போய் வண்டில குந்து."

மூன்றே முக்கால். கேட்டுக்கு முன்னால் இன்னும் இரண்டே வண்டி. வரிசையில் மோர் விற்கும் ஜெயக்கொடி கண்ணாடியோரம் வந்து நின்று காதுகொடுத்தாள்.

"அண்ணாத்தே, இது கண்ணு தெரியாதவங்களுக்கு வர்ற கொரலாச்சே. சக்கரையில எங்க வூட்டுக்காரருக்குப் பார்வ போச்சுல்ல, அவரு போனும் இப்டித்தான் பேசிக்கினு கீது."

"போனு ரிப்பேரு. நா பாத்துக்கறேன்."

"பாத்துக்கோ." அவள் மோர்த் தூக்கை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

முன்வண்டிகளில் ஒன்று உள்ளே போனது. கோதண்டம் மறுபடி நான்கை அமுக்கினார். "நான்கு" என்றது போன். கதவைத் திறந்தார்.

"ஜெயக்கொடி! எனக்குத் தெர்லம்மா. சொல்லிக் குடு."

ஐம்பத்தெட்டு வருஷத்தில் அந்த வாய் சொல்லாத வார்த்தை.

அவள் சிரிக்கவில்லை. "ஒரு தபா தொட்டா, இது இன்னான்னு சொல்லும். அப்பால டக்டக்குனு ரெண்டு தபா தட்டு, அப்பதான் வேல செய்யும். தள்ளணும்னா ரெண்டு வெரலு வோணும்."

தொட்டுத் தட்டி, தொட்டுத் தட்டி பூட்டு திறந்தது. சீட்டு கண்ணில் பட்டது.

"இத்த எப்டி வாய மூட வெக்கறது?"

"சவுண்டு ஏத்தற பட்டன், எறக்கற பட்டன், ரெண்டயும் ஒண்ணா அமுக்கிக்கினு மூணு வரைக்கும் எண்ணு. அப்டி அமுக்கித்தான் இது கெளம்பியும் கீது. யாரு அமுக்கனது?"

போன்மேல் படிந்திருந்த தூசியில் டியூப்பின் தடம் அந்த இரண்டு பட்டன்களின் மேலேயே போயிருந்தது. கோதண்டம் அந்தத் தடத்தைக் கட்டைவிரலால் துடைத்தார். அமுக்கினார், மூன்று எண்ணினார். குரல் நின்றது.

மூன்று ஐம்பத்தாறுக்குக் கேட்டின் தடுப்புக் கம்பி எழுந்தது. உள்ளே போனால் அங்கே இன்னொரு வரிசை. பன்னிரண்டு வண்டி. கன்னியம்மா கூப்பிட்டாள்.

"மாப்ள வூட்டுல கேக்கறாங்க. ஆறுக்கு வந்துருவியா?"

'நா கீறேன்ல' என்று சொல்ல வாய் திறந்தது. எதிரே பன்னிரண்டு இரும்புப் பெட்டிகள்.

"பெட்டிய எறக்கனதும் ஓடியாறேன். நேரமாச்சுன்னா உன் தம்பி டில்லிபாபு தட்டு புடிக்கட்டும். தாய்மாமன்தான?"

அந்தப் பக்கம் அவள் டில்லிபாபுவைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி" என்றாள்.

கோதண்டம் டியூப்பை எடுத்தார். பட்டன்களை விட்டு, கீழே இறக்கிக் கட்டினார். வரிசை நகரவில்லை.