உப்புப் பார்த்த கை

புரட்டாசி சனிக்கிழமைகளில் எங்கள் காலனிப் பெருமாள் கோயிலில் சாயங்காலம் நான் கதை சொல்வேன். படித்தது டிப்ளமோ மெக்கானிக்கல். ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலை. ஆனாலும் புராணக் கதை என்றால் எனக்கு உயிர். ஷிஃப்ட் முடிந்து களைத்து வந்து உட்காருகிறவர்களை ஒரு மணி நேரம் கொட்டாவி விடாமல் பிடித்து வைக்கிறேன் என்பதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது, காட்டில் காத்திருந்த அந்தக் கிழவியின் கதை. சாமி வருவார் என்று வருஷக்கணக்காக வழியைப் பெருக்கி வைத்துக் காத்திருக்கிறாள். வந்ததும் இலந்தைப் பழங்களை ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்து, இனிக்கிறதை மட்டும் அவர் கையில் கொடுக்கிறாள். அவரும் முகம் சுளிக்காமல் வாங்கித் தின்கிறார். இந்த இடத்தில் நிறுத்தி, "உலகத்துலயே முதல் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் அவதான். நாங்க பத்துக்கு ஒண்ணு எடுத்துப் பாப்போம். அவ ஒண்ணு விடாமப் பாத்தா" என்பேன். கூட்டம் சிரிக்கும். சிரிப்பு அடங்கியதும் குரலைத் தாழ்த்தி, "அன்பு இருக்கிற கை பட்டா எச்சிலும் பிரசாதம்" என்று முடிப்பேன். போன வருஷம் கேட்டவர்களே இந்த வருஷமும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

இதைச் சொன்ன அதே வாயால்தான் சம்பந்தியம்மாவை அப்படிக் கேட்டேன்.

என் மகள் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை வீடு உத்தனப்பள்ளிப் பக்கம். தக்காளியும் ராகியும் போடுகிற குடும்பம், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். நாங்கள் திருநெல்வேலியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆரம்பத்தில் முறுக்கிக்கொண்டு நின்றேன், பிறகு மகள் முகத்துக்காக இறங்கி வந்தேன். கல்யாணத்துக்குப் பின் வந்த முதல் புரட்டாசியில், ஒரு சனிக்கிழமை காலை, சம்பந்தியம்மா ஒரு பை தக்காளியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "புளியோதரை நான் கலக்கறேங்க" என்று என் மனைவியிடமிருந்து உரிமையோடு பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். என் மனைவிக்கு அதில் ரொம்ப சந்தோஷம்.

எங்கள் வீட்டில் சாமிக்குச் செய்வதை யாரும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. உப்பெல்லாம் கண் அளவு, கை அளவுதான். என் அம்மா காலத்துச் சட்டம் அது. சம்பந்தியம்மாவுக்கு அது தெரியாது. கலந்த சோற்றில் நாலு பருக்கையைக் கரண்டியிலிருந்து உள்ளங்கையில் போட்டு, வாயில் போட்டுக்கொண்டார். கொஞ்சம் யோசித்தார். ஒரு சிட்டிகை உப்பு எடுத்துத் தூவினார். விளக்குத் திரி எடுக்க உள்ளே வந்த நான் அதைப் பார்த்துவிட்டேன்.

"என்ன சம்பந்தியம்மா, சாமிக்கு முன்னாடியே எச்சில் பண்ணிட்டீகளே!"

அவர் பதறிப்போனார். "எங்கிலி இல்லீங்க. கரண்டியில வாய் வெக்கலைங்க. கையில போட்டு உப்புதான் பாத்தேன்."

தெலுங்கில் எங்கிலி என்றாலும் எச்சில்தான். ஆனால் அவர்கள் வீட்டில் அது வாய் வைத்து மிச்சம் விட்டதற்குச் சொல்கிற வார்த்தை. உள்ளங்கையில் போட்டு உப்புப் பார்ப்பது சமைக்கிறவளின் வேலை, அவ்வளவுதான். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுமை எனக்கு அன்று இல்லை.

"வேற சோறு வடிச்சுரு" என்றேன் மனைவியிடம். அவள் கண்ணாலேயே கெஞ்சினாள். நான் அசையவில்லை. ரிஜெக்ட் ஆன பாகம் சிவப்புத் தொட்டிக்குப் போகிற மாதிரி அந்தப் புளியோதரை ஓரமாகப் போனது. சம்பந்தியம்மா அதற்குப் பிறகு அடுப்படிக்குள் வரவில்லை. மகளோடு ஹாலில் உட்கார்ந்து பூத் தொடுத்தார்.

அன்று சாயங்காலம் நான் கோயிலில் சொன்ன கதை எது தெரியுமா? அதே இலந்தைப் பழக் கதைதான். முந்தின வாரமே அறிவித்திருந்தேன். சம்பந்தியம்மா பெண்கள் வரிசையில் என் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "எச்சிலும் பிரசாதம்" என்று குரலைத் தாழ்த்தியபோது என் நாக்கு கொஞ்சம்கூடக் கூசவில்லை. காலையில் நடந்தது வேறு, கதை வேறு என்றுதான் என் மண்டையில் இருந்தது. முடிந்ததும் அவர் வந்து, "நல்லா சொன்னீங்க" என்றார். நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். வெட்கங்கெட்டவன்.

அதன்பிறகு உத்தனப்பள்ளியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வராத பொருள் கிடையாது. கூடை கூடையாகத் தக்காளி, மார்கழியில் அவரைக்காய், மூட்டை கட்டிய ராகி. மாப்பிள்ளை பைக்கில் வைத்துக் கொண்டுவந்து இறக்குவார். சம்பந்தி வீட்டுக்குத் தாராள மனசு என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை பேசினேன். மூன்று வருஷம் கழித்து ஒரு நாள் என் மனைவி கேட்டாள்: "எல்லாம் வருது. சமைச்சது ஒரு கிண்ணமாவது வந்துருக்கா, யோசிச்சீகளா?"

யோசித்தேன். ஊறுகாய்கூட வந்ததில்லை. நாங்கள் அங்கே போனாலும் எனக்கு இளநீர், வாழைப்பழம், தோலோடு வேர்க்கடலை. யார் வாயும் படவில்லை என்று பார்த்தவுடனே தெரிகிற பொருள்கள். கோபத்தில் செய்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மரியாதையாகச் செய்தார்.

போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை முதல்முறையாக எங்களை அங்கே சாப்பிடக் கூப்பிட்டார்கள். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று பஸ்ஸில் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனேன். பூஜை முடிந்து இலை போட்டார்கள். மகள் புளியோதரை வைத்தாள். ஒரு வாய் வைத்தேன். உப்புக் கரித்தது. மாப்பிள்ளை தலை நிமிராமல் தயிரை எடுத்து ஊற்றிக்கொண்டார்.

மகள் குனிந்து என் காதோடு சொன்னாள்: "அத்தை இப்பெல்லாம் சாமிக்குப் பண்றத உப்புப் பாக்கறதில்லப்பா. அன்னிக்கு நம்ம வீட்டுக்கு வந்துட்டுப் போனதுலேர்ந்து. ஒரு வாரம் கரிக்கும், ஒரு வாரம் சப்புன்னு இருக்கும். யாரும் ஒண்ணும் சொல்றதில்ல."

கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது. இத்தனை வருஷம் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், சாமிக்காக நம்பிக்கையோடு காத்திருக்கிறவர்களில் நானும் ஒருவன் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் கதையில் கிழவியைக் கிட்டே சேர்க்காத ரிஷிகளும் உண்டு. அவர்களை ஒரே வரியில் சொல்லித் தாண்டிவிடுவேன். என் இடம் அந்த ஒரு வரியில்தான் இருந்திருக்கிறது.

சம்பந்தியம்மா அடுப்படி வாசலில் நின்றபடி கேட்டார்: "உப்பு சரியா இருக்குதாங்க?"

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு சம்பந்தியம்மா, இனிமே பாத்துப் போடுங்க." இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. பஸ்ஸில் கோத்ததும் கிட்டத்தட்ட இதுதான். பக்கத்தில் மாப்பிள்ளை இருந்தார், எதிரே அவருடைய அப்பா இருந்தார். மானம் போய்விடும் என்று பயந்தேன்.

"சரியா இருக்குங்க" என்றேன். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கியும் சாப்பிட்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்க சொன்னா சரிதானுங்க. செக்கிங் பண்றவரு" என்றார்.

தொழிற்சாலையில் தெரிந்தே ஒரு பழுதான பாகத்துக்கு நான் பாஸ் போட்டதில்லை. அன்று போட்டேன்.

திரும்பி வரும்போது பஸ் ஓசூரை நெருங்கிவிட்டது. மனைவி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள், நான் குடித்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் சம்பந்தியம்மா உட்காருவார். இந்நேரம் உட்கார்ந்திருப்பார். முதல் வாயிலேயே உப்பு எவ்வளவு என்று அவருக்குத் தெரிந்திருக்கும். நான் பொய் சொன்னதும் தெரிந்திருக்கும்.