அக்டோபரில் வந்த பிள்ளைகள்

எஸ்தர் அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். ஆபீஸில் ஃபோன் வந்திருப்பதாக ஸ்பீக்கரில் கூப்பிட்டார்கள். போய் எடுத்தால் அவர் கணவர் தேவசகாயம் அண்ணன். "ராஜிம்மா, எஸ்தர் போயிட்டா" என்றார். காலையில் காபி போட எழுந்தவர் அடுப்படியிலேயே சரிந்துவிட்டாராம். நான் திரும்பி வந்து, போர்டில் பாதியில் விட்டிருந்த கணக்கைப் போட்டு முடித்தேன். ஏன் முடித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பக்கத்து அறையில் அவருடைய பிள்ளைகள் மாற்று ஆசிரியையிடம் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் இருந்தால் அந்த அறையிலிருந்து அப்படிச் சத்தம் வராது. அப்போதுதான் அழுகை வந்தது.

ரிச்சர்ட்சன் பக்கத்துத் தமிழர்கள் பலருக்கு அவரைத் தெரியும். தமிழ் ஆராதனையில் எல்லோரையும் விட ஒரு வரி முன்னால் பாடுவார். ஃப்ரீவேயில் ஏறப் பயந்து, சந்து பொந்தெல்லாம் சுற்றி ஊர் முழுக்கக் கார் ஓட்டுவார். பாளையங்கோட்டைப் பேச்சு டெக்சாஸ் வெயிலில் ஒரு சொட்டுக்கூட வற்றவில்லை. எனக்கு அவர் ஒன்பது வருடம் பக்கத்து வகுப்பு. இருவரும் ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சர்கள். அவரைப் புகழ மட்டும் இதை எழுதவில்லை. அவரிடம் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமலே விட்டுவிட்டேன். அவரை அறிந்த உங்களிடமாவது சொல்லித் தொலைக்க வேண்டும்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. அக்டோபரில் முதல் ரிப்போர்ட் கார்டு போனதும், மதிய உணவு டப்பாவோடு என் வாசலில் வந்து நிற்பார். "ராஜி, ஒன் கிளாஸ்ல கணக்குன்னா பயப்படுத பிள்ளைய யாரு யாரு? எங்கிட்ட தள்ளு." நான் நாலைந்து பெயர் சொல்வேன். பள்ளியின் கவுன்சலர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட, அந்தப் பிள்ளைகள் அவர் வகுப்புக்குப் போய்விடும். பதிலுக்கு அவரிடமிருந்து நன்றாகப் படிக்கிற நாலைந்து பேர் என்னிடம் வருவார்கள். "உங்களுக்கு எதுக்குங்க அக்கா இந்த வம்பு?" என்று ஒருமுறை கேட்டேன். "பயந்த பிள்ளைய எல்லாம் ஒரே எடத்துல இருந்தா, ஒண்ணப் பாத்து ஒண்ணு வெக்கப்படாதுல்லா" என்றார்.

அப்படிப் போனவன்தான் மார்க்கோஸ். பின்னத்தைக் கண்டாலே பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்பான். அக்கா அவனுக்காகச் சப்பாத்தி மாதிரி வட்டமான டார்ட்டியா ஒரு பாக்கெட் வாங்கி வந்து, கத்தரிக்கோலால் வெட்டி வெட்டிக் காட்டினார். சரியான விடை சொன்னால் விடையைச் சாப்பிட்டுவிடலாம். ஏப்ரலில் மாநிலத் தேர்வு வந்தது. மார்க்கோஸ் தேறவில்லை. ஆனால் ஒருமுறைகூடக் கழிப்பறைக்குப் போகாமல் கடைசி வரை உட்கார்ந்து எழுதினான். அதற்காக அக்கா வகுப்புக்கே கேசரி கிண்டிக்கொண்டு வந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன்பு மாநில அரசு ஓர் அறிவிப்பு விட்டது. சர்வீஸ் வருடத்தைப் பார்த்துச் சம்பளம் தருவதற்குப் பதிலாக வேறு வழியில் தருவதற்குத் திட்டம் தீட்டும் பள்ளி மாவட்டங்களுக்கு நிதி கிடைக்கும். எங்கள் மாவட்டமும் விண்ணப்பிக்கக் கமிட்டி போட்டது. எங்கள் பள்ளியிலிருந்து அக்காதான் போக வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். "மீட்டிங்னா எனக்கு ஒறக்கம் வரும். ராஜிக்கு கம்ப்யூட்டர்ல கட்டம் போடத் தெரியும், அவ போகட்டும்" என்று ஒதுங்கிவிட்டார். வாசல்வரை வந்து, "நம்ம பிள்ளையள மறந்துராத என்ன?" என்றார்.

நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இத்தனை வலிக்காது. கட்டத்தைப் போட்டவள் நான். எந்த டீச்சர் வகுப்பில் எத்தனை பேர் தேறினார்கள் என்று ஒரு கட்டம், அதை வைத்து டீச்சருக்கு ஒரு சம்பளப் படி. போடும்போதே தெரியும், அதன்படி அக்கா கடைசியில் வருவார் என்று. நான் முதலில் வருவேன் என்பதும் தெரியும். கடைசிக் கூட்டத்தில் தலைவர் எங்களைச் சுற்றிப் பார்த்து, ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று கேட்டார். அந்த வாரமே விண்ணப்பம் போயாக வேண்டும். இல்லையென்றால் நிதி வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். கோட் போட்ட பத்துப் பேர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்டோபர் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல என் வாய் திறக்கவில்லை. நிதி வந்தது.

திட்டத்தின் சோதனை வருடம் முடிந்ததும் முடிவுகள் உறையில் வந்தன. எனக்கு முதல் படி, ஒரு பாராட்டுக் கேடயம். அக்காவுக்குக் கடைசிப் படி. அது மட்டும் என்றால் அவர் சிரித்துவிட்டுப் போயிருப்பார். கணக்கெடுப்பு கலைந்துவிடக் கூடாது என்று, வருடத்தின் நடுவில் பிள்ளைகளை வகுப்பு மாற்றுவதையே நிறுத்திவிட்டார்கள். அன்று மத்தியானமும் அவர் கேசரியோடுதான் வந்தார். "எங்க ராஜி ஃபர்ஸ்ட்டு!" என்று ஸ்டாஃப் ரூமே கேட்கச் சொன்னார். அந்தக் கேசரியை நான் விழுங்கினேன்.

போன அக்டோபரில் பழக்க தோஷத்தில் டப்பாவோடு என் வாசலுக்கு வந்தார். வாயைத் திறந்தார். ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது. "ஒண்ணுமில்ல, சும்மாதான் வந்தேன்" என்று திரும்பிப் போனார். அன்றே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். கிறிஸ்துமஸ் முடியட்டும் என்று தள்ளினேன். பிறகு தேர்வு முடியட்டும் என்று தள்ளினேன். அவர் பிப்ரவரியில் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மறுவாரம் தேவசகாயம் அண்ணன் என்னைக் கூப்பிட்டு ஒரு தாள்கட்டைக் கொடுத்தார். எல்லா டீச்சர்களுக்கும் கொடுத்த திட்டத்தின் பிரதி அது. "இதுல உன் பேரு இருக்கும்மா. நீயே வச்சுக்கோ" என்றார். காரில் உட்கார்ந்து புரட்டினேன். நான் போட்ட கட்டத்தின் ஓரத்தில், ஸ்கேல் வைத்துப் பென்சிலால் இன்னொரு கட்டம் போட்டிருந்தார். தலைப்பில் 'அக்டோபரில் வந்த பிள்ளைகள்' என்று தமிழில் எழுதியிருந்தார். கீழே எண்கள் இல்லை, பெயர்கள் மட்டும். மார்க்கோஸ் பெயர் இருந்தது. அவனுக்கு முன்னும் பின்னும் வந்த பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் கமிட்டிக்காரர்கள் பெயர் அச்சாகியிருந்த இடத்தில் என் பெயருக்கு அடியில் ஒரு கோடு. கட்டத்தைப் போட்டது நான், வாய் திறக்காததும் நான் என்று அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கேசரி கொண்டுவந்த அன்றைக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. பதறிப்போய் மறுபடியும் பென்சில் கட்டத்துக்குத் திரும்பினேன். பெயர்களின் வரிசையில் ஆகக் கடைசியாக, அதே சின்ன எழுத்தில், 'ராஜி' என்று இருந்தது.

கேடயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது பென்சில் கட்டம் போட்ட இந்த ஒரு தாள். அடுத்த வருட நிதிக்குத் திட்டத்தைத் திருத்த வருகிற செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடுகிறது. அதே அறை, அதே பத்துப் பேர். ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று மறுபடியும் கேட்பார்கள்.

பயமாத்தானுங்க இருக்குது அக்கா. தாளை எடுத்துக்கிட்டுப் போறேன்.