யோனேயின் குளத்தில் இறங்கிய சுண்ணாம்புத் தண்ணீர்

யோனே மண்வெட்டியை ஓங்கி ஒரு போடு போட்டால் மலையே இரண்டடி தள்ளி உட்காரும். எங்கள் ஊருக்கு ஏறி வரும் பாதை கோயிலுக்குக் கீழே சட்டென்று வளைகிறதே, அது அவள் போட்ட அடியில் வளைந்ததுதான்.

சரி, இது மிகை. ஒப்புக்கொள்கிறேன். பாதை நிலச்சரிவில் வளைந்தது. யோனே அடித்ததெல்லாம் மனிதர்களை.

இதை எழுத எழுத உரக்கப் படித்துக்கொண்டிருக்கிறேன். எதிரே ஷிகெனோ உட்கார்ந்து சோயா மொச்சை உரிக்கிறாள். யோனேயின் நாத்தனார். அந்த நாளில் புருஷனை விட்டுவிட்டு வந்து அண்ணன் வீட்டில் இருந்தவள். யோனேயின் கை எவ்வளவு கனம் என்று கன்னத்தால் அறிந்தவள்.

"அடிச்சதை மட்டும் குறைச்சு எழுதிடாதீங்க," என்றாள். "அண்ணிக்குக் கோவம் வரும்."

"போய்ச் சேர்ந்தவளுக்கு என்னடி கோவம்?"

"உங்களுக்குத் தெரியாது அண்ணியை."

எனக்கா தெரியாது? யோனேயின் குளத்துக்கும் என் நெல் வயலுக்கும் நடுவே ஒரே ஒரு வரப்புதான். எங்கள் மலையில் படிக்கட்டு மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாகக் களிமண் குளங்கள். பனி உருகியதும் கோய் என்ற வண்ணக் கெண்டை மீன்களை இறக்குவோம். இலை சிவக்கும்போது வலை போட்டு எடுப்போம். நடுவில் உள்ள மாதங்களில் மீனுக்கு நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, தண்ணீரைக் கெடாமல் வைத்திருப்பதைத் தவிர. யோனே அதை அடித்துத்தான் வைத்திருந்தாள்.

விடிந்ததும் குளத்தோரம் குந்தி, உள்ளங்கையை விரித்துத் தண்ணீரின் கன்னத்தில் ஓர் அறை விடுவாள். எழுந்த நுரை பட்டென்று உடைந்தால் தண்ணீர் சுகம். உடையாமல் மிதந்துபோய்க் கரையில் ஒட்டிக்கொண்டால் தண்ணீர் கெடத் தொடங்கிவிட்டது. அன்று மீனுக்குப் பட்டினி, வீட்டில் இருப்பவர்களுக்குத் திட்டு. மழைக்கு முந்தைய புழுக்கத்தில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும் அல்லவா? அப்போது தன் புருஷன் ஷோஹெயைப் பிடித்துக் குளத்தில் தள்ளுவாள். நீச்சல் தெரியாத மனிதன். அவன் உயிருக்குக் கைகாலை அடிக்கிற அடியில் தண்ணீருக்குள் காற்று ஏறி மீன்கள் மூச்சு விடும்.

"ஒரே தடவைதான் தள்ளினாங்க," என்றாள் ஷிகெனோ.

"ஒரு தடவை தள்ளினால் போதாதா?"

குஞ்சு கழிக்கிற நாளில் நாங்கள் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். வெள்ளைக் கிண்ணத்தில் குஞ்சுகளை அள்ளிப் பார்த்து, நல்ல நிறம் வராது என்று தெரிந்ததை வாளியில் வீச வேண்டும். நூறில் ஒன்றிரண்டு மிஞ்சும். வாளி நிறைந்து, துடித்து, அடங்கும். யோனே பாடிக்கொண்டே செய்வாள். இரக்கப்பட்டு விட்டால் குளம் நெரியும், நெரிந்தால் தண்ணீர் அழுகும், அழுகினால் நல்லதும் சாகும் என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கில் தவறு இல்லாததால் அவளோடு சண்டை போடவும் முடியாது.

ஒருமுறை நகரத்திலிருந்து வந்த வியாபாரி ஒருவன், வேறு யார் குளத்திலோ நனைத்த வலையை ஈரம் சொட்டச்சொட்ட அவள் குளத்தில் விட்டுவிட்டான். ஒருவர் குளத்து வலை இன்னொருவர் குளத்தில் படக்கூடாது. பட்டால் நோய் கூடவே வரும். வலைக்கம்பை அவன் கையிலிருந்து பிடுங்கி அவன் முதுகிலேயே இரண்டாக ஒடித்தாள்.

ஷோஹெய் ஓடி வந்தான். "யோனே! அவரு விருந்தாளி!"

"விருந்தாளின்னா வாசல்ல நிக்கணும். குளத்துக்குள்ள மூக்கை விட்டா மூக்கு போகும்."

"மூக்குல அடிக்கலியேம்மா, முதுகுலதானே அடிச்சே?" என்றான் வியாபாரி அழுகிற குரலில்.

அவன் மூக்கிலும் ஒன்று விழுந்தது.

இப்போது ஜின்பெயைச் சொல்ல வேண்டும். யோனேயின் குளத்துக்கு நேர் மேலே இருந்த குளம் அவனுடையது. மனிதன் கொஞ்சம் வீம்பு. அவன் வளர்த்த காளை அவனைவிட வீம்பு. எங்கள் ஊர்க் காளைச் சண்டையில் வெற்றி தோல்வி கிடையாது. ரத்தம் சூடேறுகிறபோதே ஆட்கள் பாய்ந்து பின்னங்காலில் கயிறு போட்டுப் பிரித்துவிடுவார்கள். ஒரு வசந்தத்தில் அப்படிப் பிரிப்பதற்கு முன்பே ஜின்பெயின் காளை திரும்பி நடந்துவிட்டது. கூட்டத்திலிருந்து யோனே எழுந்து நின்றாள்.

"ஜின்பெய் அண்ணே! அது காளையா, கொம்பு முளைச்ச தோஃபுக் கட்டியா? தொட்டா குழையுதே!"

ஊரே சிரித்தது. ஜின்பெய் களத்தில் நின்றபடியே கத்தினான். "உன் மீனுக்குத் தடவுற சிவப்புச் சாயம் மிச்சம் இருந்தா குடு, அது கொம்புல பூசிக்கறேன்!"

மீனுக்குச் சாயம் பூசுகிறாள் என்று எங்கள் மலையில் ஒருத்தியைச் சொன்னால், அதற்குமேல் சொல்ல வசவு இல்லை. யோனேயின் சாப்பாட்டுப் பெட்டி, உள்ளே இருந்த சோற்றுருண்டைகளோடு பறந்துபோய் ஜின்பெயின் வாயில் மோதியது. முன்பல் ஒன்று அங்கேயே விழுந்தது. அன்றிலிருந்து யோனே அவனோடு பேச்சை நிறுத்திவிட்டாள். பல்லை இழந்தவன் அவன், பேச்சை நிறுத்தியவள் இவள், நியாயம் கேட்காதீர்கள்.

பேச வேண்டியது வந்தால் என்னை நடுவில் நிறுத்துவாள். அவன் மூன்று அடி தள்ளி நிற்பான்.

"தங்கச்சி, மேல்வீட்டு ஆளுகிட்ட சொல்லு, அவன் கரையில புல்லு என் பக்கம் சாயுதுன்னு."

"கேட்டுச்சு, கேட்டுச்சு. புல்லுக்காவது உன் பக்கம் சாய மனசு வருதேன்னு சொல்லுங்க," என்பான் ஜின்பெய், பல் போன இடத்தில் காற்று சீற.

இந்த ஊமைச் சண்டையில் ஓர் ஆபத்து இருந்தது. மேல் குளத்துத் தண்ணீர் கீழ்க்குளத்தைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். அதனால் எங்களிடம் ஒரு கட்டுப்பாடு. மேலே இருப்பவன் மடைப்பலகையை எடுக்குமுன் கீழே வந்து, "பலகை எடுக்கறேன்!" என்று குரல் கொடுப்பான். கீழ்க்குளத்துச் சொந்தக்காரர் தன் குளத்துக்குள் தண்ணீர் நுழையும் வாய்மடையை அடைத்து, தண்ணீரைப் பக்கத்து வாய்க்காலில் திருப்பிவிட்டு, "கேட்டாச்சு!" என்று பதில் சொல்வார். அந்தப் பதில் காதில் விழாமல் பலகையைத் தொடக்கூடாது. சொந்தக்காரர் வாயாலேயே வர வேண்டும். மற்றவர் சொன்னால் செல்லாது. பதில் வராமல் பலகை எடுத்தவன் என்று எங்கள் தாத்தாக்கள் காலத்திலும் ஒருவன் இல்லை.

அந்தக் கோடையில் ஜின்பெயின் மீன்களுக்கு உடம்பில் புண் வந்தது. பாதி செத்தது. மிஞ்சியதை வீட்டுத் தொட்டிக்கு மாற்றிவிட்டு, குளத்தை வடித்து, களிமண் முழுவதும் சுண்ணாம்பு கொட்டினான். நோய் சாகட்டும் என்று எல்லோரும் செய்வதுதான். அந்தச் சுண்ணாம்பின் காரம் தீரும்வரை அதன்மேல் நிற்கிற தண்ணீர் விஷம். ஒரு சொட்டும் கீழே விடக்கூடாது.

அப்போது மழை பிடித்துக்கொண்டது. வானம் அறுந்து விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஜின்பெயின் குளம் சுண்ணாம்போடு விளிம்புவரை நிரம்பியது. கரையின் வெளிப்பக்கம் வியர்க்க ஆரம்பித்தது. மண் வியர்த்தால் அடுத்தது உடைப்பு. உடைந்தால் யோனேயின் குளம், வீடு, அதற்குக் கீழே இருக்கும் வீடுகள் எல்லாம் சேற்றில் போகும். பலகையை எடுத்தே ஆகவேண்டும்.

யோனேயின் குளத்தில் அப்போது பெரியவள் இருந்தாள். வெள்ளை உடம்பில் ரத்தச் சிவப்புத் திட்டுகள் கொண்ட தாய் மீன். கை நீளத்துக்கு மேல் நீளம். அந்த வீட்டில் விற்ற ஒவ்வொரு நல்ல மீனும் அந்த வயிற்றிலிருந்து வந்தது. அது போனால் அந்த வீட்டுக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது. ஷோஹெயும் அன்று ஊரில் இல்லை.

மத்தியானம் ஜின்பெய் வேலி ஓரம் வந்து கத்தினான். கொட்டகையில் யோனே வலை தைத்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் ஷிகெனோ.

"பலகை எடுக்கறேன்!"

யோனே ஊசியைக் கோத்தாள்.

"அண்ணி, கூப்பிடறாரு."

"யாரு? எனக்கு மழைச் சத்தம்தான் கேக்குது."

"பலகை எடுக்கறேன்! கரை தாங்காது! கேட்டாச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலை பொம்பள!"

ஷிகெனோ வாயைத் திறந்தாள். பளாரென்று அறை விழுந்தது. "நீ என்ன குளத்துச் சொந்தக்காரியா? கெஞ்சட்டும். இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டும்."

பதில் சொல்லாதவரை அவன் பலகையைத் தொடமாட்டான் என்று அவள் நம்பினாள். கரை தாங்காது என்று கேட்ட பிறகு, பதில் சொல்லாவிட்டாலும் அவள் வாய்மடையை அடைத்திருப்பாள் என்று அவன் நம்பினான். மேலே போய் எடுத்துவிட்டான்.

அரிசி கழுவின தண்ணீர் போல வெள்ளையாக இறங்கியது. முதலில் சிறிய மீன்கள் துள்ளின. பிறகு குளம் முழுவதும் கொதிக்கிற எண்ணெய் ஆனது. மீன்கள் கரையில் தலையை மோதின, ஒன்றன்மேல் ஒன்று ஏறின, செவுளிலிருந்து ரத்தம் நூல் நூலாகப் பிரிந்தது. யோனே ஓடிவந்து வாய்மடையில் மண் மூட்டையைத் தூக்கிப் போட்டு மிதித்தாள். பாதி அடைபட்டது. மீதி மேலே வழிந்தது. மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினாள்.

நான் வரப்பில் நின்று கண்ணால் பார்த்தது இது. ஒரு வார்த்தை பேசாமல் அடித்தாள். வசவுகூட இல்லை. முதல் அடியைத் தடுக்க ஜின்பெய் கையைத் தூக்கினான்; மண்வெட்டிக் காம்பு பட்டு, பச்சை மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது. அவன் தலையைக் குனிந்து காளை போல அவள் வயிற்றில் முட்டினான். இரண்டு பேரும் சுண்ணாம்புச் சேற்றில் உருண்டார்கள். அவள் அவன் காதைக் கடித்தாள். அவன் அவள் முடியைப் பிடித்து முகத்தைச் சேற்றில் அழுத்தினான். எழுந்தபோது இரண்டு பேருக்கும் கண்ணை முழுசாகத் திறக்க முடியவில்லை. தோல் வெந்து சிவந்திருந்தது.

"கொல்லு, ஆனா அப்புறமா கொல்லு!" என்று ஜின்பெய் அலறினான். "கீழ உன் பெரியவ சாகறாடி!"

அப்போதுதான் யோனே திரும்பினாள். மண்வெட்டியோடு கீழே பாய்ந்து வந்து, நேராக என் வரப்பில் ஓங்கினாள்.

"அடியே, என் நெல்லுடி!" அவள் முடியை நானும் பிடித்து இழுத்தேன்.

"வழிவிடு தங்கச்சி. நெல்லுக்கு அப்புறம் அழு." என்னையும் ஒரு தள்ளு. வயலில் மல்லாந்து விழுந்தேன். அவள் வெட்டினாள், ஒற்றைக் கையால் ஜின்பெய் மண்ணை வாரி எறிந்தான். வரப்பு பிளந்து, வெள்ளைத் தண்ணீர் செத்த மீன்களை உருட்டிக்கொண்டு என் பயிருக்குள் பாய்ந்தது. மலை ஊற்றிலிருந்து வீட்டுக்கு வரும் மூங்கில் குழாயை ஷிகெனோ பிடுங்கிக் குளத்துக்குத் திருப்பினாள். யோனே இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, தடவித் தடவிப் பெரியவளைக் கண்டுபிடித்து, அள்ளிக்கொண்டு போய் ஊற்றுத் தண்ணீர் விழுகிற இடத்தில் வாயை வைத்துப் பிடித்தாள். இருட்டும்வரை அப்படியே நின்றாள். கடைசியில் பெரியவள் ஒரு முறை வாலை அடித்தாள், செவுள் அசைந்தது, கையை விட்டு நழுவி நீந்திப் போனாள். அதற்குப் பிறகும் பல வருஷம் வாழ்ந்து, அந்த வீட்டுக் குளங்களையெல்லாம் குஞ்சுகளால் நிரப்பினாள்.

ஷிகெனோ மொச்சைத் தட்டைக் கீழே வைத்தாள்.

"பொய்," என்றாள். "மண்வெட்டி, காது, உங்க நெல்லு எல்லாம் சரி. பெரியவ பிழைக்கல. நீங்க உங்க வயலைப் பார்க்கப் போயிட்டீங்க, நான் அங்கேயே இருந்தேன். செவுள் வெந்து தொங்குது, ரெண்டு கண்ணும் வெள்ளையாயிருச்சு, ஆனா உசுரு போகமாட்டேங்குது. ஜின்பெய் அண்ணன் ஒடிஞ்ச கையை இடுப்புத் துணியில செருகிக்கிட்டு, நல்ல கையால அதை மாரோட அணைச்சுப் பிடிச்சிருந்தாரு. அண்ணி மண்வெட்டிக் காம்பால தலையில போட்டாங்க. ஒரே அடி. அப்புறம் அவரைப் பார்த்து, 'நீ ஆடாம பிடிச்சே, அதனால ஒரே அடியில முடிஞ்சுது'ன்னாங்க. காளைச் சண்டைக்கு அப்புறம் அவருகிட்ட அண்ணி பேசின முதல் பேச்சு அதுதான். அதை எழுதுங்க."