அடியில் கிடந்த கோப்புகள்

காலை ஐந்தே முக்கால். கண் விழித்ததும் நான் முதலில் பார்த்தது ஒரு சிவப்பு அட்டையை. என் சிகிச்சைக் கோப்பின் மூலையில் ஓட்டை போட்டு, மெல்லிய கம்பியால் அதைக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் என் கணவர் கையில் குறடோடு நின்றிருந்தார்.

"இன்னும் ஒரு சுத்து முறுக்கணுமோ?" என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

அட்டையில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: "இடது கை. ஊசி கூடாது. பிரஷர் கூடாது."

எனக்கு இடது மார்பகத்தை எடுத்திருந்தார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளும் போய்விட்டன. அந்தக் கையில் ஊசி குத்தினாலோ பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்த்தாலோ கை வீங்கக்கூடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மருந்தேற்றும் முதல் செவ்வாய்க்கிழமையே மூன்று பேர் என் இடது கையைப் பிடித்தார்கள். மூன்று முறையும் சொன்னேன். மூன்றாவது ஆள், "சரி, வலது கைதான் குடுங்களேன்" என்று எனக்காக விட்டுக்கொடுப்பவர்போலச் சொன்னார்.

அன்று ரயிலில் பட்டாபிராம் வீட்டுக்குத் திரும்பும்போதே கணவர் அதற்கு வழி கண்டுபிடித்துவிட்டார். ஆவடியில் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே தேறிய பாகத்துக்குப் பச்சை அட்டை, திருத்த வேண்டியதற்கு மஞ்சள், தொடக்கூடாததற்குச் சிவப்பு. "வாயால சொன்னா மறந்துடுவாங்க. டேக் போட்டா எவனும் தொடமாட்டான்" என்பது அவர் கட்சி. அதன்படி இரண்டாவது செவ்வாய்க்கிழமை நான் சிவப்பு அட்டையோடு மருத்துவமனைக்குப் போனேன்.

எங்களோடு என் நாத்தனாரும் வருவார். கணவருக்கு அக்கா, முத்தாபுதுப்பேட்டையில் வீடு. என் நோயின் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். தன் தெருவில் எனக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லி வைத்திருந்தார். அதன் பலனாக வாரத்துக்கு ஒருவராவது எனக்குக் கீழாநெல்லி கொடுத்தனுப்பினார்கள். அதை வாங்கி, நன்றி சொல்லி, குளிர்பெட்டியில் வைத்து, ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகக் கொட்டுவது கணவரின் வேலை.

"என்னிக்காவது அவங்க வந்து என் கண்ணைப் பார்த்தா என்ன சொல்வீங்க?" என்று நாத்தனாரைக் கேட்டேன்.

"கீழாநெல்லி கேட்டுச்சு, வெளுத்துடுச்சுன்னு சொல்வேன். போம்மா."

மருத்துவமனையில் செவ்வாய்க்கிழமை மார்பகப் புற்றுநோய்க்காரர்களுக்கு. வாரம் ஒரு முறை, பன்னிரண்டு வாரம். வந்தவுடன் கோப்பை வரவேற்பு மேசையில் வைக்க வேண்டும் என்று பலகை சொன்னது. எட்டரை மணிக்கு கோப்புக்காரர் வந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் கூப்பிடுவார். மருந்து கலக்கும் அறை மதியம் இரண்டு மணிக்கு மூடும். அதற்குள் முறை வராதவர்களுக்கு "அடுத்த செவ்வாய்" என்று எழுதிக் கொடுப்பார்கள்.

இரண்டாவது வாரம் என் பெயரை முதலில் கூப்பிட்டார்கள். மூன்றாவது வாரமும், நான்காவது வாரமும் அப்படியே. நான் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருபது வருடம் இருந்தவள். அதனால்தான் மரியாதை என்றார் நாத்தனார். தான் திருவேற்காட்டில் வேண்டிக்கொண்டதையும் காரணமாகச் சேர்த்துக்கொண்டார். கணவர் எதையும் ஆராயாமல் ஏழே முக்கால் வண்டிக்கு மாற்றிவிட்டார். முதலில் கூப்பிடப் போகிறவர்கள் எதற்காக விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டும்?

காத்திருப்பு நாற்காலியில் எனக்குப் பக்கத்தில் பூந்தமல்லிக்காரப் பெண் ஒருவர் உட்காருவார். அவருடைய கணவர் மொத்த வியாபாரத்துக்கு வெங்காயம் எடுப்பவர். கோயம்பேட்டுக்குப் போகும் வழியில் தன் வண்டியில் கொண்டுவந்து ஆறரைக்கு இவரை வாசலில் இறக்கிவிட்டுப் போவார். இவர்தான் வாராவாரம் முதல் ஆள். நானும் அவரும் ஒரே செவ்வாய்க்கிழமையில் மருந்து தொடங்கியவர்கள். ஆறாவது வாரம், எத்தனை முறை மருந்து ஏறியிருக்கிறது என்று பேச்சுவாக்கில் கேட்டேன். எனக்கு ஐந்து முடிந்திருந்தது. அவருக்கு மூன்றுதான்.

"ரெண்டு வாட்டி திருப்பி அனுப்பிட்டாங்கக்கா. நான் சந்தோசமாதான் போனேன்."

"சந்தோசமா?"

"டாக்டர் சீரியஸ் பாத்துதானே கூப்புடறாரு? எனக்கு அவ்ளோ மோசம் இல்லபோலன்னு நெனச்சேன். ஊட்ல பிரியாணிகூட செஞ்சோம்." பிறகு குரலை இறக்கினார். "ஆனா நேத்து போன்ல டாக்டரம்மா திட்னாங்க. இனிமே ஒரு வாரம்கூட கேப் விழக்கூடாதாம். அக்கா, அந்த சிகப்பு அட்டை எந்த ரூம்ல குடுக்கறாங்க?"

அன்று முழுவதும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறரைக்கு வைத்த கோப்பின் மேல் ஏழு மணிக்கு வந்தவர் கோப்பு, அதன் மேல் எட்டு மணிக்கு வந்தவருடையது. எட்டரைக்கு வரும் கோப்புக்காரர் மேலிருந்து எடுக்கிறார். முதலில் வந்தவர் கடைசி. இது தெரிந்த இரண்டு பேர் எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்து, எட்டு இருபத்தொன்பதுக்கு ஓடிவந்து கோப்பை வைத்தார்கள். என் விஷயம் வேறு. கோப்புக்காரர் அடுக்கிலிருந்து சிவப்பைத் தேடி உருவினார்.

போய்க் கேட்டேன்.

"செவப்புன்னா அர்ஜெண்ட்தானம்மா?" என்றார்.

"அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?"

"இன்னாம்மா நீ, இத்தினி கூட்டத்துல குந்திகினு படிச்சிகினு இருக்க சொல்றியா? கலர பாப்பேன், எடுப்பேன்."

ஐந்து வாரமாக யாரோ ஒருவருடைய இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அந்த யாரோ பக்கத்து நாற்காலியில் இருந்தார். வீட்டில் இதைச் சொன்னபோது, தன் அட்டையை யாரும் படிக்கவில்லை என்பதில் கணவரின் மனம் புண்பட்டது. அட்டையைக் கழற்றிவிடலாம் என்றேன்.

"அப்ப மறுபடியும் எடது கைய புடிப்பான். வேணாம். எல்லாருக்கும் போட்டுடலாம். எல்லாம் செவப்பா இருந்தா அப்புறம் யார் அர்ஜெண்ட்?"

ஆவடி மார்க்கெட்டில் அட்டை வாங்கினார். இரண்டு நாள் உட்கார்ந்து நாற்பது அட்டை எழுதினார். நாத்தனார் ஓட்டை போட்டார்.

ஏழாவது செவ்வாய்க்கிழமை வழக்கமான ஏழே முக்கால் வண்டியில் போனோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அடுக்கு முழங்கை உயரம் இருந்தது. அட்டைக் கட்டோடு எங்களைப் பார்த்ததும் டீக்கடை இருவரும் ஓடிவந்து தங்கள் கோப்புகளை வைத்தார்கள்; நான் என்னுடையதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். கணவர் ஒவ்வொரு கோப்பாக எடுத்துக் கம்பியை முறுக்கினார். பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். இது அரசாங்கத் திட்டமா என்று ஒருவர் கேட்டார். எட்டரைக்கு வந்த கோப்புக்காரர், முழுக்கச் சிவப்பாக இருந்த மேசையைப் பார்த்து இரண்டடி பின்வாங்கினார்.

"சிஸ்டர்! இங்க வந்து பாரு! அல்லாரும் அர்ஜெண்ட்டு!"

வார்டின் தலைமை நர்ஸ் வந்தார். மருத்துவமனையில் அந்த அட்டையைப் படித்த முதல் ஆள் அவர்தான். ஒன்றைப் படித்தார். அடுத்ததைப் படித்தார். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்ததைப் படித்து நிமிர்ந்து பூந்தமல்லிக்காரரைப் பார்த்தார்.

"ஏம்மா, உனக்கு ஆபரேஷன் வலது பக்கம்தானே?"

"ஆமா சிஸ்டர்."

"இதுல இடதுன்னு போட்டிருக்கு. இந்தம்மாவுக்கு இன்னும் ஆபரேஷனே ஆகல, இவங்களுக்கும் இடது. யார் சார் இதை எழுதினது?"

கணவர் கையிலிருந்த குறடைப் பார்த்தார். நாற்பது அட்டையிலும் என் இடது கையை எழுதியிருந்தார்.

நாத்தனார்தான் முதலில் பேசினார். "முப்பத்தொரு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன்! நாட்டுக்கே டாங்கி செக் பண்ணி அனுப்பினவன்! டேய், நல்லவேளை ரிடையர் ஆன!"

வரிசையே சிரித்தது. மருந்துக்காகக் காத்திருக்கும் இடத்தில் அத்தனை பேர் ஒன்றாகச் சிரித்து நான் அதற்குமுன் கேட்டதில்லை. நர்ஸ்கூட வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அதே வேகத்தில், "ஒண்ணு விடாம திருத்துங்க. தப்பான கையில ஊசி போட்டா நான்தான் பதில் சொல்லணும்" என்றார்.

கணவர் பேனாவை எடுத்தார். திருத்துவதற்குமுன், பழக்கம் விடாமல், மொத்த அடுக்கையும் இரண்டு கையாலும் தூக்கிக் குப்புறக் கவிழ்த்தார்.

"இன்னா அண்ணாத்தே பண்ற?" என்றார் கோப்புக்காரர்.

"முதல்ல வந்தது அடியில இருக்கும். அதைத்தான் முதல்ல பார்க்கணும். ஸ்டோர்ஸ்ல சேர்ற அன்னிக்கே சொல்லித் தருவாங்க. உங்களுக்குச் சொல்லலையா?"

கோப்புக்காரர் யோசித்தார். "பத்து வருசமா மேல இருந்துதான் எடுக்கறேன். ஒருத்தரும் கேக்கல."

அந்த இடைவெளியில் நான் நர்ஸிடம் பேசினேன். ஆறரைக்கு வருகிறவர் இரண்டு முறை திரும்பிப் போனதைச் சொன்னேன். அதை அவர் நல்ல சேதி என்று நினைத்ததையும், பிரியாணியையும் சொன்னேன். நர்ஸ் பூந்தமல்லிக்காரரின் கோப்பைப் பிரித்துத் தேதிகளைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"எழுதிக் குடுங்க. நான் மேல கொண்டுபோறேன்."

அங்கேயே ஒரு தாளில் எழுதினேன். வருகிற வரிசையில் எண் போட வேண்டும்; எந்தக் கையில் ஊசி கூடாது என்பதைக் கோப்பின் மேலட்டையில் அச்சிட வேண்டும்; ஒரு முறை திரும்பிப் போனவரை அடுத்த வாரம் முதலில் கூப்பிட வேண்டும். மூன்று வாக்கியம். நாற்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள். டீக்கடையிலிருந்து ஓடிவந்த இருவரும் போட்டார்கள். நாத்தனாரும் வாங்கிப் போட்டார்.

"நீங்க பேஷண்ட் இல்லையே" என்றார் நர்ஸ்.

"எங்க வீட்ல கேன்சர் பேஷண்ட் இருக்காங்கம்மா" என்றார், கூடத்துக்கே கேட்கும்படி.

எண் போடும் முறை அடுத்த மாதம் வந்தது. மேலட்டை அச்சாக ஒரு வருடம் ஆனது. இப்போது ஆண்டுக்கொரு முறை பரிசோதனைக்குப் போகும்போது இரண்டையும் பார்க்கிறேன்.

அன்று திருத்திய அடுக்கை அப்படியே விட்டுவிடும்படி நர்ஸ் சொன்னார். கோப்புக்காரர் மேலிருந்து எடுத்தார். பூந்தமல்லிக்காரரின் பெயரை முதலில் கூப்பிட்டார்கள். ஒன்பது நாற்பதுக்கு அவருக்கு இடது கையில் மருந்து ஏறத் தொடங்கியது. இரண்டு மணிக்கு மருந்து கலக்கும் அறை மூடியபோது மேசையில் ஒரு கோப்பு மீதி இருந்தது. அது என்னுடையது.