வாழை கட்டிய லோ-லோடர்

1962 ஆகஸ்ட் 28, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பத்தேகால் மணி. உருத்திரபுரத்துக்குத் திரும்பும் வாய்க்கால் வீதியின் வளைவில், கனத்த இயந்திரங்களை ஏற்றிச் செல்லும் எங்கள் லோ-லோடர் திடீரென நின்றது. இழுவை லொறி உறுமியது; பின்வண்டியின் எட்டுச் சில்லுகளும் அசைய மறுத்தன. அதன் முதுகில், சங்கிலியால் பிணைத்த புல்டோசர் இருந்தது. முன்னால் போன மேளகாரர் மட்டும் சிறிது தூரம் வாசித்துக்கொண்டே போய், பின்னால் எதுவும் வரவில்லை என்று கண்டு திரும்பி வந்தனர்.

நான் இலக்கியம் படிக்கும் பல்கலைக்கழக மாணவி. அந்த நீண்ட விடுமுறையில், கிளிநொச்சியில் உள்ள நீர்ப்பாசன வேலைத்தளம் ஒன்றில், கணக்கும் கடிதமும் எழுதும் தற்காலிக லிகிதராக இருந்தேன். இத்தகைய வேலைக்குப் போகும் இளைய மாணவியருக்குப் பயன்படலாம் என்று அந்த நாளை எழுதிவைக்கிறேன்.

1. தூரிகை வேலை

லிகிதர் வேலை தொடங்குமுன்பே வேறு வேலை வந்தது. புதிதாக வந்திருந்த லோ-லோடரின் உறுப்புகளில் ஆங்கிலத் தகடுகள் மட்டுமே இருந்தன. வேலைகளை மேற்பார்வை செய்யும் ஓவசியர் சபாரத்தினம் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, வெள்ளைப் பெயின்ற் தகரமும் தூரிகையும் தந்து, ஒவ்வோர் உறுப்பின் மீதும் அதன் பெயரைத் தமிழில் எழுதச் சொன்னார். வண்டியோடு வந்த கைநூலை நான் வாசித்தேன். சாரதி மரியதாஸ் அண்ணை உறுப்பைத் தட்டிக் காட்டினார். அவர் முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர். கடலுக்குப் போகாமல் லொறிக்கு வந்ததற்குத் தன் வயிற்றுக் குமட்டலே காரணம் என்று யாரிடமும் மறைக்காமல் சொல்வார்.

புல்டோசரைச் சாதாரண லொறியில் ஏற்றினால் உயரம் கூடி, வளைவில் சரிந்துவிடும். அதனால் லோ-லோடரின் தளம் தரையோடு ஒட்டினாற்போலத் தாழ்ந்திருக்கும். முன்புறத்தில் அது மேலெழுந்து வளைந்து, இழுவை லொறியின் மேல் அமரும். அந்தப் பகுதிக்குக் கழுத்து என்று பெயர். கழுத்தின் அடியில் தொங்கும் தடித்த இரும்பு முளை கிங் பின். அது பொருந்தும் கிறீஸ் பூசிய வட்டத் தட்டை ஐந்தாம் சில்லு என்கிறார்கள். உருளாத ஒன்றைச் சில்லு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

"எழுதுங்கோ பிள்ளை," என்றார் மரியதாஸ் அண்ணை. "உருண்டு திரியிறதெல்லாம் அதை நம்பித்தான் உருளுது."

எழுதினேன்.

லொறியிலிருந்து பின்வண்டிக்கு இரண்டு இறப்பர்க் குழாய்கள் போகும். நீலக் குழாய், சாரதி பிறேக்கை மிதிக்கும்போது காற்றை அனுப்பும். சிவப்புக் குழாயில் எப்போதும் காற்று நிறைந்திருக்க வேண்டும். அது கழன்றால், பின்வண்டி தப்பி ஓடாதபடி பிறேக் தானாகவே இறுகும். அது வந்து பொருந்தும் இடத்துக்கு மேலே, கழுத்தின் இடப்பக்கத்தில், "சிவப்பு: கழன்றால் வண்டி நிற்கும்" என்று எழுதினேன். என் எழுத்துகளில் மிக ஒழுங்காக அமைந்தது அதுதான்.

2. தோரணம்

முந்திய மாரியில் உருத்திரபுரத்துக்கு அப்பால் உள்ள சிறுகுளம் ஒன்றின் கட்டு உடைந்திருந்தது. அடுத்த மழைக்கு முன் அதை அடைக்காவிட்டால் அதன்கீழ் உள்ள வயல்காரருக்கு இரண்டாவது ஆண்டும் விதைப்பு இல்லை. புல்டோசருக்கோ பல இடங்களிலிருந்து அழைப்பு. அன்று மாலை நாலு மணிக்குள் குளக்கட்டில் இறங்காவிட்டால் அதை வேறொரு வேலைக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது உத்தரவு.

வயல்காரரின் தலைவர் நடராசா அண்ணை பிரதான வீதிக்கே வந்து வண்டியை மறித்து, நிறைகுடம் வைத்தார். லொறியின் பின்சட்டத்தில் ஒன்றும் கழுத்தின் இடப்பக்கத்தில் ஒன்றுமாகக் குலைவாழை கட்டி, இரண்டுக்கும் நடுவே மாவிலைத் தோரணம் இழுத்து, மேளத்தோடு புறப்படச் செய்தார். என் வீடும் அந்தப் பக்கம் என்பதால் ஓவசியரின் ஜீப்பில் நானும் பின்னால் போனேன். முதல் வளைவிலேயே வண்டி நின்றது.

மரியதாஸ் அண்ணை இறங்கி வந்து, காற்றுமானியின் முள் விழுந்துவிட்டது என்றார். காற்றை அடைக்கும் கொம்பிறசர் பழுது என்றும், வவுனியாவிலிருந்து மெக்கானிக் வர மறுநாள் ஆகும் என்றும் ஓவசியர் முடிவு செய்தார். புல்டோசரை அங்கேயே இறக்கலாமென்றால், பின்புறச் சாய்பலகை விழவேண்டிய இடத்தில் வாய்க்கால் கிடந்தது.

நடராசா அண்ணை சால்வையால் முகத்தைத் துடைத்தார். "வண்டி றோட்டில நிக்கேல்லை ஐயா. எங்கட வயித்தில நிக்குது."

3. வாசிப்பு

பலர் நடுவே பேசுவது எனக்குப் பழக்கமில்லை. இருந்தும், மெக்கானிக்குக்கு ஆள் அனுப்புமுன் எழுதியிருக்கும் வரிசையில் ஒவ்வோர் உறுப்பாகப் பார்க்கலாமா என்று ஓவசியரிடம் மெல்லக் கேட்டேன். வேறு வேலை இல்லாததால் அவர் ஒப்புக்கொண்டார். வீதியில் நின்று நான் எழுத்துகளை வாசித்தேன். மரியதாஸ் அண்ணை அடியில் படுத்து, தொட்டுப் பார்த்துப் பதில் சொன்னார்.

"புராணப் படிப்பு மாதிரியெல்லோ கிடக்கு," என்றார் நடராசா அண்ணை. "பிள்ளை வாசிக்கிறா, இவர் வரிக்கு வரி பயன் சொல்லுறார்."

வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "எங்கட மாதா கோயிலில இதுக்கு மன்றாட்டுமாலை எண்டு பேர். எல்லாரும் சேர்ந்து பதில் சொல்லவேணும். சும்மா பாத்துக்கொண்டு நிக்கப்படாது."

அதன்பின் வயல்காரரும் சேர்ந்துகொண்டனர். ஐந்தாம் சில்லு என்றேன்; இருக்கு என்றனர். கிங் பின், இருக்கு. நீலக் குழாய், இருக்கு. அடுத்ததை வாசிக்க முடியவில்லை. எழுத்து இருந்த இடத்தில் வாழை நின்றது.

"இதில நான் ஒண்டு எழுதினனான். வாழை மறைக்குது," என்றேன்.

நடராசா அண்ணையின் முகம் மாறியது. "நல்ல காரியத்துக்குக் கட்டினது, பிள்ளை. குளத்தடிக்குப் போய்த்தான் அவிழ்க்கிறது."

"குளத்தடிக்குப் போனாத்தானே அண்ணை," என்றார் மரியதாஸ், படுத்தபடியே.

மேளகாரர் ஒருவர் சிரித்துவிட்டார். நடராசா அண்ணையும் சிரிப்பை அடக்க முடியாமல், தாமே இலையை விலக்கினார். இலைக்குப் பின்னால் சிவப்புக் குழாய் வாய் திறந்து தொங்கிக்கொண்டிருந்தது. தோரணக் கயிறு அதன் பொருத்துக்கு அடியால் போயிருந்தது. வளைவில் லொறி ஒரு பக்கம் திரும்ப, கழுத்து நேராக நிற்க, கயிறு இறுகிக் குழாயைப் பிடுங்கிவிட்டது. காற்றின் சீறல் மேளத்தில் கேட்கவில்லை. மேளமும் எஞ்சினும் ஓய்ந்தபோது சீறுவதற்குக் காற்று மிஞ்சியிருக்கவில்லை.

குழாயைப் பொருத்தி எஞ்சினை இயக்கினர். முள் மெல்ல ஏறியது. பிறேக் நீண்ட பெருமூச்சோடு பிடி விட்டது. அவிழ்த்த வாழைகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நடராசா அண்ணையின் பக்கம் ஓவசியர் திரும்பினார்.

"கட்டுங்கோ. ஆனா முன்னுக்குக் கட்டுங்கோ. கழுத்துப் பக்கம் ஒருதரும் போகப்படாது."

மூன்று மணிக்கு முன்பே புல்டோசர் குளக்கட்டில் இறங்கியது.

எச்சரிக்கையைத் தெளிவாக எழுதிவிட்டால் போதும் என்று நான் எண்ணியிருந்தேன். வண்டியை எதிர்கொள்ள வருகிறவர் வாழையோடுதான் வருவார். அதைக் கட்ட அவருக்கு ஓரிடம் வேண்டும். அந்த இடத்தை நாங்கள் காட்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை வேலைத்தளத்துக்குப் போனதும், லொறியின் முன் பம்பரின் இரு முனைகளிலும் வளையம் ஒட்டித் தரும்படி வெல்டரிடம் கேட்டேன். இரும்பு ஆறும்வரை காத்திருந்து, தகரத்தைத் திறந்து, ஒவ்வொரு வளையத்தின் கீழும் "வாழை கட்டுமிடம்" என்று எழுதினேன்.